அங்கன்வாடிப் பிள்ளைகளின் கற்றலை மாதாமாதம் செயலியில் ஏற்றலாமா? – விவாத இழை

புள்ளிவிவரன்

அங்கன்வாடிப் பிள்ளைகளின் உயரம், எடை, வருகை, சாப்பாடு எல்லாம் 2021 மார்ச்சிலிருந்து ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அதே பிள்ளை பத்துப் பொருளைச் சரியாக எண்ணுகிறதா, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறதா, இரண்டு கட்டளையை ஞாபகம் வைத்துச் செய்கிறதா என்பதெல்லாம் மதிப்பீட்டு அட்டையோடு மையத்து பீரோவிலேயே நின்றுவிடுகிறது.

என் முன்மொழிவு: 3 முதல் 6 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 திறன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: தானே செய்கிறது, உதவியோடு செய்கிறது, இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை பணியாளரே பார்த்துச் செயலியில் ஏற்றட்டும். மேற்பார்வையாளர் முதல் மாநிலம் வரை அது தெரியட்டும். எந்த மையம் பின்தங்குகிறது என்று தெரியாமல் யாருக்குப் பயிற்சி கொடுப்பது?

தரவும் ஆய்வும் இந்தத் துறையில் பலன் தரும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இங்கே 4 மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் செய்த ஆய்வு; 2021இல் வெளிவந்தது. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்து மையத்தில் வைத்த தேர்வில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றம். தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகளிடம் உயரக் குறைவும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு பலன் வரும் என்று கணக்கிட்டார்கள். அளந்ததால்தானே இது தெரிந்தது?

தட்டான்

சார், நீங்க காட்டுற ஆய்வே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது. அங்கே பலன் வந்தது பிள்ளையோட உக்காந்து சொல்லித் தர ஆளும் நேரமும் கூடினதால. உங்க திட்டம் அந்த நேரத்தைத்தான் எடுக்குது.

கணக்குப் போடுவோம். மையத்துல 25 பிள்ளை. 12 திறனையும் உண்மையாவே பார்க்கணும்னா ஒரு பிள்ளைக்குக் குறைஞ்சது 10 நிமிஷம். 250 நிமிஷம், அதாவது 4 மணி நேரத்துக்கு மேல. செயலியில ஏத்த பிள்ளைக்கு 3 நிமிஷம்னா இன்னும் 75 நிமிஷம். சிக்னல் போய்த் திரும்ப வந்து, ஏத்தினது பதிவாகலைன்னு மறுபடி ஏத்துறது தனி. 2023 மே மாசம் தொடங்கின 'போஷன் பீ படாய் பீ' திட்டத்துல ஒன்றிய அரசு சொன்னது தினமும் குறைஞ்சது 2 மணி நேரம் கல்வி. அந்தக் கணக்குல மாசத்துக்கு ரெண்டரை நாளுக்கு மேல கல்வி நேரம் உங்க செயலிக்குப் போகுது.

இதோட சத்துமாவு விநியோகம், வீடு பார்க்கப் போறது, தடுப்பூசி நாள், கர்ப்பிணிகளுக்கு முகப்பதிவு, 11 பதிவேடு. செயலி வந்தா பதிவேடு போயிடும்னு சொன்னாங்க. பல மையங்கள்ல இன்னைக்கும் ரெண்டையும் எழுதுறாங்க. ஏத்துற ஒவ்வொரு புதுக் கட்டத்துக்கும் பழைய கட்டம் ஒண்ணை எடுத்துக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

புள்ளிவிவரன்

> அந்த நேரத்தைத்தான் எடுக்குது

12 திறனையும் தனியாக உட்கார வைத்துத் தேர்வாகப் பார்க்கச் சொல்லவில்லை. விளையாட்டு நேரத்தில் கவனித்துக் குறிப்பதுதான். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளை என்று பிரித்துக்கொண்டால் 9 வேலை நாளில் முடியும். பதிவேடுகளைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன்.

அளவுகோல்

நேரம் இருந்தாலும் இந்தத் தரவு நிற்காது. தன் வேலையின் விளைவைத் தானே அளந்து மேலே அனுப்பும் முறையில் எண் எப்படி மாறுகிறது என்பதற்கு உயரம் அளப்பதையே எடுத்துக்கொள்வோம். உயரம் கண்ணால் பார்க்கக்கூடியது, செ.மீ.யில் வருவது, கற்றலைவிட நூறு மடங்கு எளிது. அதிலேயே என்ன நடக்கிறது?

2 வயதுக்குக் கீழ் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து. இரண்டுக்கும் இடையே சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம். 23 மாதக் குழந்தையை நிற்க வைத்து அளந்து அப்படியே பதிந்தால் அது 0.7 செ.மீ. குட்டையாகிவிடும். தலையில் கொண்டை, காலில் செருப்பு, முழங்கால் மடிப்பு, உயரமானியைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கி ஆணி அடித்திருப்பது என்று எல்லாம் சேர்ந்தால் 2 செ.மீ. பிழை சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 36 மாத ஆண் குழந்தையின் நடு உயரம் 96.1 செ.மீ., உயரக் குறைவுக்கான எல்லை 88.7. ஒரு திட்ட விலக்கம் என்பது சுமார் 3.7 செ.மீ.தான். 2 செ.மீ. பிழை என்றால் பாதித் திட்ட விலக்கத்துக்கு மேல். பிறந்த தேதியில் ஆறு மாதம் தவறினால் அந்த எல்லையே 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும்.

இந்தப் பிழைகளைத் தரவைக் கொண்டே பிடிக்கலாம். தசம இடத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் சுமார் 10 சதவீதம் வர வேண்டும். 0, 5 இரண்டும் சேர்ந்து 20 சதவீதத்துக்குப் பதில் 50 சதவீதம் வந்தால் யாரோ கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள். வயதுக்கேற்ற உயர மதிப்பின் திட்ட விலக்கம் 1.3ஐத் தாண்டினால் அளவீட்டில் இரைச்சல், அதாவது தற்செயல் பிழை. போன மாதத்தைவிட உயரம் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிள்ளை குட்டையாகாது.

'உதவியோடு செய்கிறது' என்ற கட்டத்துக்கு இப்படி ஒரு சோதனையைச் சொல்லுங்கள். இருக்காது. கடைசி இலக்கம் கிடையாது, குறையவே முடியாத அளவு கிடையாது. அது மேற்பார்வைக் கூட்டத்தில் யார் திட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து மாதாமாதம் மேலே ஏறும். அந்த ஏற்றத்தைப் பிள்ளை கற்றுக்கொண்டதிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை.

வேலிப்பருத்தி

அளவுகோல் ஐயா சொன்னதை இன்னும் ஒரு படி தள்ள விரும்புகிறேன். தரவு சுத்தமாக இருந்தாலும் தரவு மட்டும் எதையும் மாற்றாது.

ஆந்திரத் தொடக்கப் பள்ளிகளில் முரளிதரன், சுந்தரராமன் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒவ்வொரு மாணவரும் எதில் பலவீனம் என்று விரிவான அறிக்கையை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பார்வையாளர் வந்தபோது ஆசிரியர்கள் சுறுசுறுப்பாகத் தெரிந்தார்கள். ஆண்டு முடிவில் மதிப்பெண் நகரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, தரம் கொடுத்து, முன்னேற்றத் திட்டம் எழுத வைத்த பெரிய முயற்சி நடந்தது. முரளிதரனும் அபிஜீத் சிங்கும் சோதித்ததில் கற்றலில் மாற்றமில்லை. ஆனால் படிவங்கள் ஒழுங்காக நிரம்பியதால் அது வெற்றி என்று எண்ணப்பட்டு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. எனக்குப் பயம் இதுதான்: நிரம்பிய படிவமே திட்டத்தின் வெற்றியாகிவிடும்.

320 மைய ஆய்வின் முடிவு ஆள் வேண்டும் என்பது. அதை விட்டுவிட்டு செயலி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 54,000 மையங்களுக்கு ஆண்டுக்கு 389 கோடி ரூபாய். மாநில வரவு செலவில் இது பெரிய தொகை இல்லை.

புள்ளிவிவரன்

வேலிப்பருத்தி, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, ஆனால் அவை மட்டும் உண்மை இல்லை. அர்ஜென்டினாவின் லா ரியோஹா மாநிலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவு அறிக்கையைக் கொடுத்ததில் இரண்டு ஆண்டில் கணக்கிலும் வாசிப்பிலும் மூன்றில் ஒரு பங்கு திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேற்றம் வந்தது. அந்த ஆய்விலும் கனிமியன் இருக்கிறார். ஆந்திரத்தில் வேலை செய்யாதது அங்கே வேலை செய்திருக்கிறது. ஏன் என்று கேட்பதுதான் பயனுள்ளது.

அதோடு 320 மைய முடிவை நேராக 54,000க்குக் கொண்டுபோக முடியுமா? கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை வைத்த திட்டம் தொண்டு நிறுவனம் நடத்தியபோது மதிப்பெண்ணை உயர்த்தியது. அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் பலன் பூஜ்யம். இரண்டையும் ஒரே சமயத்தில் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். நாளை 54,000 பேரை நியமித்துவிட்டு, பலன் வந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

வேலிப்பருத்தி

நியாயமான கேள்வி. அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணியாளரின் கையால், மாதாமாதம், எல்லாப் பிள்ளைக்கும் என்ற மூன்றையும்தான் எதிர்க்கிறேன்.

செவந்தி

எல்லோரும் எத்தனை பேரை, எத்தனை தடவை என்றே பேசுகிறீர்கள். எதை அளக்கிறோம் என்பதற்கு வருவோமா? நான்கு வயதுப் பிள்ளையின் தேர்வில் பிழை பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

முதலில் பேச்சு. "எதில் குறைவாக இருக்கிறது?" என்று கேட்டால் பிள்ளை முழிக்கும், "எதுல கம்மியா இருக்கு?" என்றால் உடனே கை காட்டும். முறத்தின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் திருநெல்வேலிப் பிள்ளை சொளகு என்று சொல்லும். விடைத்தாளில் 'முறம்' மட்டும் இருந்தால் அது தவறாகப் பதிவாகும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டார மாற்றுச் சொற்களை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைக்கு எந்த மொழியில் விடை சொன்னாலும் மதிப்பெண் உண்டு என்ற விதி வேண்டும். இல்லையென்றால் நாம் அளப்பது தமிழறிவை, எழுதுவது 'சிந்தனைத் திறன் குறைவு' என்று.

அடுத்தது எழுத்து. அட்டவணையில் 'எழுத்துகளை அறிகிறது' என்று ஒரு வரி வந்த அடுத்த வாரம் மையத்தில் நாலு வயதுப் பிள்ளை சிலேட்டில் அ, ஆ என்று வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கும். 247 எழுத்துள்ள மொழியில் இந்த வயதில் வேண்டியது காது. 'பல்', 'பழம்', 'கல்' மூன்றில் முதல் ஒலி மாறியது எது என்று கண்டுபிடிப்பது, கைதட்டிச் சொல்லை அசையாகப் பிரிப்பது. வடிவம் அறிமுகம் செய்வதானாலும் எளிய வடிவங்களான ட, ப, ம போன்றவற்றை அடையாளம் காட்டுவதோடு நிறுத்தலாம். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற நம் பாடத்திட்டத்தின் பெயரே சொல்வது அதைத்தான். கட்டம் எதைக் கேட்கிறதோ அதுதான் மையத்தில் நடக்கும்.

மூன்றாவது, எந்தத் திறன் பிற்காலத்துக்கு உதவும் என்பது நம் ஊகத்துக்குள் அடங்குவதில்லை. டெல்லியில் பிரதம் அமைப்பின் 214 பாலர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளுக்கு எண்ணிக்கை, வடிவம் சார்ந்த விளையாட்டுகள் கொடுத்தார்கள். ஸ்பெல்கி, டுஃப்லோ எல்லாம் சேர்ந்து செய்தது, 2017இல் வெளியானது. 'எந்தக் கூட்டத்தில் புள்ளி அதிகம்' என்று எண்ணாமலே சொல்லும் உள்ளுணர்வு கூடியது, ஓராண்டு கழித்தும் நின்றது. ஆனால் முதல் வகுப்புக் கணக்கில் அது உதவவில்லை. உள்ளுணர்வை மட்டும் அளந்திருந்தால் திட்டம் வெற்றி என்று எழுதியிருப்போம்.

தட்டான்

டீச்சர் சொன்ன சிலேட்டு விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. பெற்றோர் கேக்குறதும் அதுதான். பக்கத்துத் தனியார் பள்ளியில எல்கேஜி பிள்ளை நோட்டுல எழுதுது, நம்ம பிள்ளை மணல்ல விளையாடுதேன்னு மூணரை வயசுல பிள்ளையை மாத்திடுறாங்க. 2019 ஜனவரியில அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யுகேஜி தொடங்கினதும் இந்தப் போக்கைப் பாத்துத்தான். செயலியில 'எழுதுகிறது'ன்னு கட்டம் வந்தா ரெண்டு பக்கத்திலிருந்தும் அழுத்தம்.

அளவுகோல்

செவந்தி டீச்சர் சொன்னதோடு ஒட்டி, புள்ளிவிவரன் மேற்கோள் காட்டிய ஆய்வில் ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 0.29, 0.46 என்பவை மையத்தில் வைத்த தேர்வின் எண்கள். தொடக்கத்தில் பதிவில் இருந்த பிள்ளைகளை, மையத்தை விட்டுப் போனவர்களையும் சேர்த்து, வீடு தேடிப் போய் அளந்தபோது கணக்கில் 0.13, மொழியில் 0.10. இரண்டுமே உண்மை, கேள்விதான் வேறு. மையத்துக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்று, அந்த ஊரில் பதிவான பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது மற்றொன்று. மாநிலத்துக்கு வேண்டியது இரண்டாவது. செயலியால் முதலாவதைத்தான் பார்க்க முடியும். தட்டான் சொல்லும் அந்த மூன்றரை வயதுப் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போன நாளோடு செயலியிலிருந்து மறைந்துவிடும். வசதி கொஞ்சம் கூடுதலாக உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் போனால், யாரும் மோசமாகக் கற்பிக்காமலே மையத்தின் சராசரி இறங்கும்.

எல்லாப் பிள்ளையையும் பணியாளர் அளப்பதற்குப் பதில், குலுக்கலில் எடுத்த சில பிள்ளைகளை மட்டும் வெளியாட்கள் அளக்கும் மாதிரி ஆய்வு இப்படி இருக்கலாம். எத்தனை சதவீதப் பிள்ளைகளுக்கு ஒரு திறன் வந்திருக்கிறது என்ற எண் ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஐந்து சதவீதப் புள்ளி கூடக் குறைய, 95 சதவீத நம்பிக்கையோடு வேண்டுமென்றால் எளிய குலுக்கலில் 384 பிள்ளைகள் போதும். ஆனால் ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை 0.15 என்று வைத்து மையத்துக்கு 10 பிள்ளை எடுத்தால் மாதிரியை 2.35 மடங்காக்க வேண்டும்: 1 கூட்டல் 9 பெருக்கல் 0.15. ஆக 902, அதாவது 90 மையங்கள். 38 மாவட்டத்துக்கு 3,420 மையங்கள், 34,200 பிள்ளைகள். பிள்ளைக்கு 25 நிமிடம், ஒருவர் ஒரு நாளைக்கு 5 பிள்ளை, இருவர் கொண்ட குழு ஒரு நாளில் ஒரு மையம். மாவட்டத்துக்கு மூன்று குழு என்றால் 30 வேலை நாள். படியும் பயணமும் மையத்துக்கு 4,000 ரூபாய் என்றாலும் களச் செலவு 1.37 கோடிதான்.

மையத்துக்கு 10 பிள்ளைக்குப் பதில் 20 பிள்ளை எடுத்துப் பயணத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்போது பெருக்கல் 3.85 ஆகிறது. 1,478 பிள்ளைகள், 74 மையங்கள். 16 மையம் குறைய 576 பிள்ளைகளைக் கூடுதலாகத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். நட்டம்.

புள்ளிவிவரன்

கணக்கை ஏற்கிறேன். ஆனால் இதில் மாவட்டச் சராசரி மட்டும்தான் கிடைக்கிறது. மேற்பார்வையாளருக்குத் தன் வட்டாரத்தில் எங்கே போக வேண்டும் என்று தெரியாது. மாவட்ட எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மையத்தில் எதையும் திருத்த முடியாது.

அளவுகோல்

வட்டாரத்துக்குக் கற்றல் மதிப்பெண் வேண்டாம், நடப்பைப் பார்ப்போம். 434 திட்ட வட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் குலுக்கலில் 19 மையம். முன்னறிவிப்பு இல்லாமல் போய், 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கணத்தை மட்டும் குறிக்க வேண்டும். பணியாளர் பிள்ளைகளோடு இருக்கிறாரா, பதிவேட்டோடு இருக்கிறாரா, போனில் இருக்கிறாரா. எத்தனை பிள்ளை செயலில் ஈடுபட்டிருக்கிறது. திட்டமிட்ட கல்வி நேரம் நடந்த மையங்கள் 19இல் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வட்டாரம் 80 சதவீத இலக்கை எட்டியதாகக் கொள்ளலாம். 12 என்றால் தலையிட வேண்டும். தடுப்பூசித் திட்டங்களில் பல காலமாகப் பயன்படும் முறை இது. வட்டாரத்தின் உண்மை நிலை 80 சதவீதத்துக்கு மேல் அல்லது 50க்குக் கீழ் என்றால், தவறாகத் தீர்மானிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்குள் அடங்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு: 19ஐ வைத்துச் சதவீதம் சொல்லி வட்டாரங்களை வரிசைப்படுத்தக் கூடாது. 'போதும்', 'போதாது' என்ற இரண்டு விடைதான் அதற்குத் தெரியும்.

செவந்தி

இந்தப் பார்வையில் தரத்தையும் கொஞ்சம் சேருங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு மையங்களுக்கென்றே ஒரு சூழல் மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. எல்லாக் கூறுகளும் தேவையில்லை. பொம்மை பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, பீரோ மேல் பாலித்தீன் உறையோடு இருக்கிறதா என்ற ஒன்றே நிறையச் சொல்லும். பணியாளர் கேட்ட கேள்விகளில் 'ஏன்', 'எப்படி' எத்தனை, எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவை எத்தனை என்பது இன்னொன்று.

வேலிப்பருத்தி

மாவட்ட மாதிரியும் வேண்டும், வட்டாரப் பார்வையும் வேண்டும், சரி. ஆனால் ஐந்து வயது மதிப்பெண்ணை வைத்துத் திட்டத்தை முடிவு செய்வதில் எனக்கு இன்னும் தயக்கம்.

அமெரிக்காவின் டென்னசியில் 2,990 ஏழைப் பிள்ளைகளை, இடம் பற்றாத பாலர் பள்ளிகளின் குலுக்கலை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். பாலர் வகுப்பு முடிந்தபோது உள்ளே போன பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். ஆறாம் வகுப்பில், 2022இல் வந்த முடிவுப்படி, அவர்கள் பின்னே இருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைகளும் அதிகம். பாஸ்டனில் 1997 முதல் 2003 வரை நடந்த குலுக்கலில் நேர்மாறு. பள்ளி மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் உரிய காலத்தில் கல்லூரி சேர்ந்தவர்கள் 8 சதவீதப் புள்ளி அதிகம். மிச்சிகனின் பெர்ரி பாலர் பள்ளி 123 பிள்ளைகள்தான், அறுபதுகளில் நடந்தது. அதில் 5, 6 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், தினம் இரண்டரை மணி நேரம், வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஆசிரியர் போவார். 40 வயது வரை பின்தொடர்ந்ததால்தான் அதன் பலன் தெரிந்தது. அதைக் காட்டி 25 பிள்ளைக்கு ஒருவர் உள்ள மையத்துக்கு அதே பலன் வரும் என்று சொல்லவே கூடாது.

அளவுகோல்

அதற்கு மருந்து அதே பிள்ளைகளைத் தொடர்ந்து அளப்பது. 2019இல் ஊரகத் தமிழ்நாட்டில் வீட்டுவாரியாக எடுத்த கற்றல் தரவு கையில் இருந்ததால்தான் கொரோனா இழப்பை 2021 டிசம்பரில் அளக்க முடிந்தது. அதே ஊர்களில், அதே வயதுப் பிள்ளைகள் கணக்கில் 0.7, மொழியில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அதில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடிந்தது. சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வு. நல்ல மாதிரி ஒன்றை எடுத்து வைத்திருந்தால் யாரும் எதிர்பார்க்காத கேள்விக்கும் அது பதில் சொல்லும்.

புள்ளிவிவரன்

மாதம் ஒருமுறை என்பதை விட்டுவிடுகிறேன். பணியாளர் தரும் மதிப்பெண்ணைக் கொண்டு மையத்தை எடை போடுவதையும் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன். காது கேளாத பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை மாதிரிக்குள் வராது. 34,200 பிள்ளைகளுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கு உங்கள் ஆய்வால் என்ன பயன்? எல்லாப் பிள்ளையையும் பார்த்தால்தான் அது தெரியும். மூன்று வயதில் கண்டுபிடித்தால் கிடைக்கும் சிகிச்சை ஆறு வயதில் அதே பலனைத் தருவதில்லை.

அளவுகோல்

இது மறுக்க முடியாத வாதம். ஆனால் அதற்கான எண்ணையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1,000 பிள்ளைகளில் 50 பேருக்கு உண்மையிலேயே வளர்ச்சித் தாமதம் என்று வைப்போம். உங்கள் கேள்விப் பட்டியல் தாமதம் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுகிறது. நல்ல கருவிதான். 50இல் 40 பேர் பிடிபடுவார்கள். மீதி 950இல் 190 பேரும் தவறாகப் பிடிபடுவார்கள். தாமதம் இருக்கலாம் என்று பிடிபட்ட 230 பேரில் உண்மையானவர்கள் 40, அதாவது 17 சதவீதம். ஆறு வீட்டில் ஐந்து வீட்டுத் தாய் காரணமில்லாமல் தூக்கம் இழப்பார். அந்த 230 பேரையும் பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஆள் இருக்கிறார்களா?

தட்டான்

இதுக்கு ஏற்கெனவே வழி இருக்கு சார். 2013லிருந்து தேசிய குழந்தைகள் நலத் திட்டத்துல நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். பணியாளர் செய்ய வேண்டியது, சந்தேகப்படுற பிள்ளை பேரை ஒரு நோட்டுல எழுதி அந்தக் குழுகிட்ட கொடுக்குறது. முதுகுக்குப் பின்னாடி கூப்பிட்டா திரும்புதா, ரெண்டு சொல் சேர்த்துப் பேசுதா, பேரைச் சொன்னா முகம் பார்க்குதா, கத்துக்கிட்டதை இழந்துடுச்சா. நாலஞ்சு கேள்வி. அன்னைக்கு வராத பிள்ளைக்கு என்ன பண்றதுன்னுதான் ஓட்டை. வராத பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கும். அங்கே ஒரு கட்டம் வைங்க: பேர் கொடுத்த தேதி, பார்த்த தேதி, அடுத்த இடத்துக்கு அனுப்பின தேதி. இந்த மூணு தேதியை செயலியில ஏத்த எனக்கு ஆட்சேபணை இல்லை. இது எங்களைக் கேள்வி கேக்காது, மருத்துவக் குழுவையும் மாவட்டத்தையும் கேள்வி கேக்கும்.

புள்ளிவிவரன்

மூன்று தேதி நல்ல யோசனை. ஏற்கிறேன். ஆனால் பிள்ளையின் பெயரோடு போகும் எந்தத் தகவலுக்கும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் என்பது பொது விதி. அரசுச் சேவைகளுக்கு விலக்குகள் இருந்தாலும், தாயிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவதை விடக் கூடாது. அந்தப் பதிவு முதல் வகுப்புச் சேர்க்கைக்குப் பின்தொடர்ந்து வரக் கூடாது என்றும் எழுதியே வைக்க வேண்டும்.

வேலிப்பருத்தி

வட்டார முடிவை வெளியிடலாமா என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். 'போதாது' என்று பட்டியலில் வந்த வட்டாரத்தில் அடுத்த மாதமே பணியாளர் விளக்கக் கடிதம் எழுதுவார். பணியிடம் காலியாக இருந்தது யார் தவறு? ஒரே பணியாளர் இரண்டு மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

புள்ளிவிவரன்

வெளியிடாவிட்டால் ஊராட்சிக்கும் பெற்றோருக்கும் எதுவும் தெரியாது. பணம் கேட்கவும் ஆதாரம் இருக்காது. 19 மையத்திலும் காலியிடம் எத்தனை என்ற எண்ணை அதே வரியில் சேர்த்து வெளியிடுங்கள். பணியாளர் இருந்தும் கல்வி நடக்காத மையம், பணியாளரே இல்லாத மையம் என்று பிரித்துக் காட்டினால் கேள்வி சரியான இடத்துக்குப் போகும். வெளியிடுவதில் நான் பின்வாங்க மாட்டேன்.

தட்டான்

காலியிடத்தைச் சேர்த்தா எனக்குச் சம்மதம். வேலிப்பருத்திக்கு இன்னும் இல்லைன்னு தெரியுது.

செவந்தி

மாவட்ட மாதிரி ஆய்வுக்குப் போவதானால் மாதத்தை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஜூனில் தொடங்கினால் புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அந்நியரைப் பார்த்து வாயே திறக்காது. ஜூலை இரண்டாம் பாதி சரி. முடிவு அளவீடு மார்ச்சுக்குள் முடிய வேண்டும். ஏப்ரல் வெயிலில் வருகை இறங்கும், மே விடுமுறை, ஜூனில் ஐந்து வயது முடிந்தவர்கள் முதல் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒப்பிடும்போது வகுப்பை விட்டுவிட்டு மாத வயதை எடுங்கள். 38 மாதப் பிள்ளையும் 47 மாதப் பிள்ளையும் ஒரே 'மூன்று வயது' இல்லை.

அளப்பவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி, அதில் இரண்டு நாள் உண்மையான பிள்ளைகளோடு. இருவர் ஒரே பிள்ளையைப் பார்த்துத் தனித்தனியாகக் குறித்து, பத்தில் ஒன்பது கேள்விக்காவது ஒத்துப்போன பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும். காலை 10 முதல் 12 மணிக்குள், சாப்பாட்டுக்கு முன், பிள்ளைக்குப் பழகிய இடத்தில். தொடர்ந்து நான்கு கேள்விக்கு விடை வராவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். 'தலை என்றால் காலைத் தொடு' விளையாட்டைக் கடைசியில் வையுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் உட்காராது.

அளவுகோல்

காலை 10 முதல் 12 என்றால் ஒருவருக்கு நாளைக்கு 5 பிள்ளை வராது, 4தான். அப்போது மையத்துக்கு 8 பிள்ளை. பெருக்கல் 2.05, 787 பிள்ளைகள், மாவட்டத்துக்கு 99 மையம். மூன்று குழுவுக்கு 33 நாள்.